தொட்டிக்குள் கடல்

ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். இங்குள்ளவர்களுக்குக் கடல் என்பது அந்த உயரத்தைக் குறிப்பிடும்போது வருகிற ஒரு சொல். அதற்கு மேல் அதோடு உறவு கிடையாது. சென்னைக் கடற்கரைக்குப் போவதென்றால் 300 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் கடிகாரம் செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள். ரோஜாப்பூவை வளர்த்துக் கப்பல் போகும் தேசங்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். கடலை மட்டும் யாரும் செய்து பார்த்ததில்லை. என் அடுத்த வீட்டு நண்பர் அதையும் செய்து பார்த்தார்.

நண்பருக்குச் சொந்த ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள மணப்பாடு. இருபது வருஷத்துக்கு முன்னால் உத்தியோகம் கிடைத்து இங்கே வந்தவர். ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு கூடிவிட்டாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுகிற உத்தியோகம் அது. வீட்டிலும் அப்படித்தான். சுவரில் மாட்டிய காலண்டர் சற்றுச் சாய்ந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

தகப்பனார் காலமானதும் தாயாரைத் தம்மோடு அழைத்து வந்தார். எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். பிறந்ததிலிருந்து அலைச் சத்தம் இல்லாத இடத்தில் ஓர் இரவுகூடத் தூங்கியறியாதவர். இங்கு வந்த பிறகு அவருக்குப் பேச்சுக் குறைந்தது, சாப்பாடு குறைந்தது. ஐஸில் வைத்து வருகிற மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிடுவார். சாயங்காலங்களில் திண்ணையில் உட்கார்ந்து, "கிழக்கு எந்தப் பக்கம் தம்பி?" என்று என்னைக் கேட்பார். நான் காட்டுவேன். அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டியும் நாலு மாடிக் கட்டிடமும்தான் தெரியும். அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். வைத்தியர் சோதித்துவிட்டு வியாதி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். வியாதி இல்லையென்று வைத்தியர் சொன்ன பிறகும் ஒருவர் இளைத்துக்கொண்டே போவதைப் போல வீட்டாரைக் கலங்க வைப்பது வேறொன்றும் இல்லை.

'அம்மாவைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், கடலை அம்மாவிடம் கொண்டு வருவோம்' என்று நண்பர் முடிவு செய்தார். கூடத்தில் 200 லிட்டர் பிடிக்கிற கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து இறங்கியது.

கடலைச் செய்வது சுலபமான காரியமல்ல என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்தக் கணக்கில் தொட்டிக்கு ஏழு கிலோ. ஆனால் சமையல் உப்பைக் கொட்டினால் அது கடல் ஆகாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று பலவும் உரிய அளவில் கலந்திருக்க வேண்டும். அதற்கென்று தயாரித்த உப்பு கடையில் கிடைக்கிறது. பாறை வேண்டுமென்று பவளப் பாறையை எடுத்துப் போட்டுவிடவும் முடியாது. பாறை கட்டும் பவளங்களை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு உள்ள காவல் பவளத்துக்கும் உண்டு. நண்பர் செயற்கைக் கற்களையே அடுக்கினார். மீன் மாத்திரம், கடலில் பிடித்ததாக இல்லாமல் தொட்டியில் பொரித்து வளர்த்த கோமாளி மீனாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அப்படிப் பொரிக்க வைக்கும் முறையைக் கண்டு பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஆசை ஒன்றும் புதியதல்ல. 1846-ல் அன்னா தைன் என்ற ஆங்கிலச் சீமாட்டி கடற்கரையிலிருந்து பவளப் பூச்சிகளை லண்டனுக்குக் கொண்டுவந்து வீட்டில் வைத்து வளர்த்தாள். காற்றுக் குழாயும் மோட்டாரும் இல்லாத காலம். தண்ணீருக்குப் பிராணவாயு ஏற, வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னலருகே நின்று, தண்ணீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஆற்றிக்கொண்டே இருப்பாள். நம் டீக்கடைக்காரர் ஆற்றுவதைப் போலத்தான். சரித்திரத்தில் சீமாட்டியின் பெயர் நிலைத்தது. ஊற்றிய கைக்குப் பெயரில்லை. 1853-ல் லண்டன் மிருகக் காட்சிசாலையில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். நம் சென்னையிலும் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் 1909-ல் மெரினாவில் ஒன்று திறந்து, ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு விழும் என்ற பயத்தில் அதை மூடிவிட்டார்கள்.

தொட்டியில் தண்ணீர் நிறைந்தது, விளக்கு எரிந்தது. ஆனால் மீன் விடவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம், "மீன் எங்கே?" என்று கேட்டார்கள். "இன்னும் ஆறு வாரம் ஆகும்" என்று நண்பர் பதில் சொன்னார். காரணம் இதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகைக் கிருமி அதைத் தின்று நைட்ரைட் ஆக்குகிறது; அதுவும் விஷந்தான். இன்னொரு வகைக் கிருமி நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. அது அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. இந்தக் கிருமிகளை வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் பிரித்தெடுத்துக் காட்டினார். அவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது. கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்தவன் நான். வீடு கட்டிக் குடி வருவதற்கு முன்னால் துப்புரவுப் பணியாளரை அமர்த்திக்கொள்கிற காரியம் இது என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் பாசி வந்தது.

முதலில் பழுப்பு நிறம். வெள்ளை மணலின் மேல் காப்பித் தூளைத் தூவியதைப் போல. இவை டயாட்டம் என்கிற நுண்பாசிகள். மணலில் இருக்கிற சிலிக்கா என்ற சத்தை எடுத்து உடம்பைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்கிற பிராணிகள்... இல்லை, தாவரத்தைப் போல வெளிச்சத்தில் சமைத்து உண்கிறவை. எங்கள் சீமை கருங்கல் பூமி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சத்துக்குக் குறைவில்லை. நண்பர் துடைத்தார். மறுநாள் மறுபடியும் படிந்திருந்தது. நாம் விடுகிற மூச்சுக் காற்றின் விஷயத்தில் இந்த டயாட்டங்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். பூமியில் உண்டாகிற பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவை கொடுப்பது. இதை நண்பரிடம் சொன்னேன். "கடலில் கொடுக்கட்டும் ஸார், என் தொட்டியில் வேண்டாம்" என்றார்.

பழுப்பு ஒரு மாதத்தில் தானாகவே போய்விட்டது. சிலிக்கா தீர்ந்ததும் அவற்றின் ஆட்டமும் தீர்ந்தது. பிறகு மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு குட்டிகள். அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பேத்தி தீனி போட்டாள், பாட்டி தீனி போட்டார், வந்த விருந்தாளிகளும் போட்டார்கள். இரண்டு வாரத்தில் கல்லெல்லாம் பச்சை மயிர் முளைத்தது. விரல் நீளத்துக்கு வளர்ந்து, நீரோட்டத்தில் தலைவிரி கோலமாக ஆடியது.

நண்பருக்குத் தூக்கம் போயிற்று. அவர் உத்தியோகத்தில் பிழை என்றால் அதற்கு ஓர் அளவு உண்டு, அளந்தால் அகப்படும். பாஸ்பேட் அளக்கிற திரவம் வாங்கி வந்து சோதித்தார். பூஜ்யம். மறுபடி சோதித்தார். பூஜ்யந்தான். "சத்தே இல்லாத தண்ணீரில் இது எதைத் தின்று வளர்கிறது?" என்று என்னிடம் வந்து கேட்டார். படித்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. தண்ணீரில் பாஸ்பேட் இல்லாமல் இல்லை; தீனியிலிருந்து கரைகிற ஒவ்வொரு துளியையும் பாசி உடனுக்குடன் தின்று தன் உடம்பில் வைத்துக்கொண்டுவிடுகிறது. திரவம் தண்ணீரைத்தான் அளக்கும். பாசியின் வயிற்றை அளக்காது. வீட்டில் பணம் இல்லையென்றால் சம்பாத்தியம் இல்லையென்று அர்த்தமா? செலவழிக்கிறவன் கெட்டிக்காரனாக இருக்கலாம் அல்லவா?

ஒரு நாள் ராத்திரி அவர் ஒரு புட்டியோடு வந்தார். பாசியைக் கொல்லும் மருந்து. கடைக்காரர் இரண்டே நாளில் சுத்தமாகிவிடும் என்று சத்தியம் செய்து கொடுத்ததாம். அதிலும் தீராவிட்டால் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். நானும் கூட இருந்தேன். மூடியைத் திறக்கும்போது, மூலையில் இருந்த அம்மாள் பேசினார். மாதக் கணக்கில் அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

"எய்யா, அது என்ன?"

"பாசி மருந்தும்மா."

"பாசி புடிக்காத பாற எந்தக் கடல்ல இருக்கு? ஓரா மீனு எதத் தின்னு வளருது? பாசியத்தான. நீ மருந்த ஊத்துனா அது செத்து எங்க போவும்? இந்தத் தண்ணியிலதான கெடந்து அழுவும்?"

நண்பர் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மாள் எழுந்து வந்தார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, ஒரு பிடிப் பாசியைப் பிடுங்கி வெளியே எடுத்தார். முகர்ந்து பார்த்தார். "மணம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

அம்மாள் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அவர் சொன்னதுதான் சாஸ்திரம். கொன்ற பாசி அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்னும். தான் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விடும். அடுத்த பாசிக்கு அதுவே உரம். அதுவன்றி, தாமிரம் கலந்த மருந்தாக இருந்தால் நத்தை, நண்டு முதலிய ஜீவன்கள் பிழைப்பதில்லை. உயிரோடு பிடுங்கி வெளியே எடுத்தால் பாசியோடு அதன் வயிற்றில் உள்ள சத்தும் வெளியேறிவிடுகிறது. எதிரியைக் கொண்டே வீட்டைப் பெருக்க வைக்கிற உபாயம்.

இந்த உபாயத்தை ஒரு யந்திரமாகவே செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஏடி, பவளக் கடலைத் தொட்டியில் வைக்க முயன்றபோது, பாசியை விரட்டாமல் அதற்கென்று தனி இடம் ஒதுக்கினார். ஒரு வலைத் தட்டு, அதன் மேல் ஓடும் தண்ணீர், நல்ல வெளிச்சம். பாசி அங்கே மண்டும். அவ்வப்போது சுரண்டி எடுத்துவிட்டால் பிரதானத் தொட்டி சுத்தமாக இருக்கும். நண்பருக்கு இது பிடித்துவிட்டது. செய்வதற்கு ஒரு காரியம் அகப்பட்டதே! ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தொட்டியின் பின்னால் ஒரு சிறு பெட்டி வைத்து, பிளாஸ்டிக் வலை கட்டி, தனி விளக்குப் போட்டார். பெரிய தொட்டியின் விளக்கைப் பன்னிரண்டு மணியிலிருந்து ஆறு மணி நேரமாகக் குறைத்தார். தீனியை ஒரு வேளை ஆக்கினார். வாரம் இருபது லிட்டர் தண்ணீர் மாற்றினார். அதையும் சவ்வில் வடிகட்டிய தண்ணீராக ஆக்கினார்.

பாசியை அறுவடை செய்கிற உத்தியோகம் அம்மாளுக்கு. சனிக்கிழமை காலையில் வலையை எடுத்து, சுரண்டி, உப்புப் போக இரண்டு முறை அலசி, ரோஜாத் தொட்டிக்குப் போடுவார். ஊரில் தென்னைக்குக் கடற்பாசி போடுகிற வழக்கந்தான். தண்ணீர் வற்றினால் ஊற்றுவதும் அவர் பொறுப்பு. "வத்துனதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்துனா கரிச்சிப் போவும். உப்பளத்துல பாத்ததில்லியா?" என்று மகனுக்கு எடுத்துச் சொன்னார். ஆவியாகிறது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடுகிறது என்பதை நண்பர் புஸ்தகத்தில் நாலு பக்கம் படித்திருந்தார்.

இரண்டரை மாதத்தில் கல் கல்லாகத் தெரிந்தது. முழுவதும் அல்ல, ஓரங்களில் பச்சை இருந்தது. நண்பர் அதைத் துடைக்கவில்லை. அந்த மாற்றம் எனக்குத் தொட்டியின் மாற்றத்தைவிடப் பெரிதாகத் தோன்றியது. அம்மாள் சாப்பிட ஆரம்பித்தார்; திண்ணையில் உட்கார்ந்து திசை கேட்பதை விட்டார். செப்டம்பரில் மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனார். போனவர் திரும்புவாரா என்று நண்பருக்கு உள்ளூர பயம். "அங்கேயே இருக்கேன் என்று சொன்னால் என்ன செய்வது ஸார்?" என்றார். "இருக்க விட வேண்டியதுதான்" என்றேன். அவரும் தலையை அசைத்தார். திருவிழா முடிந்து, அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் அம்மாள் வந்து சேர்ந்தார். ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. வந்ததும் வலையைத் தூக்கிப் பார்த்து, "எடுக்காமப் போட்டுட்டிய" என்றார்.

பாசி எப்போதும் இப்படிச் சொன்னபடி கேட்கிறதென்று சொல்ல வரவில்லை. மன்னார் வளைகுடாவிலே கடற்பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதே வளைகுடாவில், பிலிப்பைன்ஸ் தேசத்துக் கப்பாபைகஸ் என்ற பாசியை வருமானத்துக்காக மண்டபம் பக்கத்தில் வளர்த்தார்கள். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் சரக்கு அதிலிருந்து கிடைக்கிறது. 2008-ல் அது குருசடைத் தீவுப் பக்கம் பவளங்களின் மேல் படர்ந்து மூடியிருப்பதைக் கண்டார்கள். 2019 செப்டம்பரில் அந்தக் கடலே பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. நாக்டிலூகா என்கிற நுண்ணிய ஜீவன் கோடி கோடியாகப் பெருகியதன் விளைவு. அளவோடு இருக்கிறவரைக்கும் சோறு. அளவு மீறினால் சவச் சீலை.

இதை எழுதத் தூண்டியது தொட்டி அல்ல. போன மழைக்காலத்தில் நாங்கள் எல்லாரும் கெலவரப்பள்ளி அணைக்குப் போயிருந்தோம். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரமாக வந்து, எல்லை தாண்டி எங்கள் சீமைக்குள் நுழைந்ததும் முதலில் தங்குகிற இடம் அது. மதகு வழியாகப் பாய்ந்த தண்ணீர் விழுந்த இடத்தில் வெள்ளை நுரை மலை மலையாக எழும்பிக் காற்றில் பறந்து கரைப் பயிர்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்க்க அழகாகக்கூட இருந்தது. வண்டியிலிருந்து இறங்கிய அம்மாள் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அலையே இல்ல. பின்ன எப்படி நொர வருது?"

மகனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழிந்து இந்த ஆற்றில்தான் வந்து விழுகின்றன. பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் 2018-லும் தீப்பற்றி எரிந்தது. தண்ணீர் எரிந்த அதிசயத்தை உலகமே பார்த்தது. வீட்டுச் சாக்கடை, சோப்புத் தண்ணீர், ஆலைக் கழிவு எல்லாம் அங்கே சேர்கின்றன. சோப்புச் சரக்கு நுரைக்கிறது. அதோடு வருகிற நைட்ரஜனும் பாஸ்பரஸும் நுரைப்பதில்லை. சத்தமில்லாமல் இருந்து வெயில் வந்ததும் தேங்கிய தண்ணீரைப் பச்சையாக்குகின்றன. பக்கத்து மாநிலத்தைக் குறை சொல்லிவிட்டுக் கைகழுவ முடியாது. ஓசூரும் இப்போது மாநகராட்சி. நாம் கழுவுகிற தண்ணீரும் எங்கேயோதான் போகிறது.

எந்தச் சத்து பாசியை வளர்க்கிறது என்று சண்டை நடந்த காலம் ஒன்று உண்டு. 1973-ல் கானடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டு பாகமாக்கினார். இரண்டு பக்கமும் கரியும் நைட்ரஜனும் போட்டார். ஒரு பக்கம் மாத்திரம் பாஸ்பரஸும் சேர்த்தார். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று ஆயிற்று; மறு பக்கம் தெளிந்தே இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படம் ஒன்று, எத்தனையோ புஸ்தகங்கள் செய்யாத காரியத்தைச் செய்தது. சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தார்கள், சாக்கடையைச் சுத்திகரித்தார்கள், செத்துப் போயிற்று என்று எல்லாரும் கைவிட்ட ஈரி ஏரி 1980-களில் பிழைத்தது. பிறகு வயல் உரம் வழிந்து மறுபடியும் பாசி வந்தது. 2014-ல் டொலிடோ நகரத்தார் சில நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். ஒரு தடவை துடைத்தால் போதும் என்ற சமாசாரமே கிடையாது.

கூடத்துத் தொட்டிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். இரண்டு மீனுக்கு எத்தனை தீனி என்று அவருக்குத் தெரியும். சனிக்கிழமை தவறாமல் வலையைத் தூக்கிப் பார்க்க ஒரு கிழவி இருக்கிறாள். தென்பெண்ணைக்கு அரசாங்கங்கள் உண்டு, அணைகள் உண்டு, தண்ணீரை அளக்கிற அதிகாரிகளும் உண்டு. இத்தனை பேர் இருக்கிற ஆற்றில், எதைக் கொட்டுகிறோம் என்று கொட்டுவதற்கு முன்னால் கேட்கிற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஒவ்வொரு வீட்டுக் குழாயடியிலும், ஒவ்வொரு ஆலையின் பின்வாசலிலும் இருக்க வேண்டியவர். கெலவரப்பள்ளியை விட்ட தண்ணீர் கிருஷ்ணகிரி அணையில் தங்கி, சாத்தனூரில் தங்கி, கடைசியில் கடலூருக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற எங்களுக்குக் கடலோடு உறவு இல்லை என்று முதலில் எழுதினேன். மேலே இருக்கிறவர்களுக்குத்தான் அந்த உறவு அதிகம். நாங்கள் கொட்டுகிற எல்லாவற்றுக்கும் அதுதான் கீழே இருக்கிறது.